அலைகள் கொணர்ந்த செய்தி

நம் கல்லூரி இதழுக்குப் பழைய மாணவர் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்றும், பௌதிக சாஸ்திரத்தில் அலைகளைப் பற்றியதாயின் இளைஞர்க்குப் பயன்படும் என்றும் இதழாசிரியர் எழுதியபொழுது, யாம் உடனே இசையவில்லை. சாஸ்திர விஷயங்களைத் தமிழில் எடுத்துரைப்பது அரிதென்று அஞ்சியதனால் அன்று. அலைகளைப் பற்றி எழுதப் புகுந்தால் ஒரு காலைப்பொழுதைப் பற்றியும் எழுத நேரும் என்பதனாலேயே தயங்கினோம். அதனை இத்தனை ஆண்டுகளாக எங்கும் எழுதினோமில்லை. ஆயினும் எமக்கு அலையின் இலக்கணத்தைக் கற்பித்த இடம் இக்கல்லூரியே ஆதலின், அதனைச் சொல்லவும் இதுவே தக்க இடமெனத் துணிந்தோம்.

யாம் இங்குப் பயின்ற காலத்தில் அலைகளைப் பற்றிய பாடம் ஒரு கொடிக்கயிற்றோடு தொடங்கிற்று. எம் பேராசிரியர் அதன் ஒரு முனையைச் சன்னற் கம்பியிற் கட்டி, மறு முனையைக் கையிற் பிடித்து ஒருமுறை உதறினார். கயிற்றில் ஒரு திமில் எழுந்து சன்னலை நோக்கி ஓடிற்று. கயிற்றின் நடுவே அவர் முன்னரே ஒரு சிவப்பு நாடாவை முடிந்திருந்தார். திமில் கடந்தபொழுது நாடா மேலே எழுந்து, கீழே இறங்கி, பழைய இடத்திலேயே நின்றது. “ஓடியது யாது?” என்று வினவினார். கயிறு என்று ஒருவர் விடையிறுத்தார். “கயிறு ஓடியிருந்தால் நாடா சன்னலுக்குப் போயிருக்குமே!” என்றார் பேராசிரியர். ஓரிடத்து அசைவு தன் அண்டையிலுள்ளதை அசைக்க, அது தன் அண்டையிலுள்ளதை அசைக்க, இவ்வாறு கைமாறிச் செல்வதே அலை என்பதும், பொருள் இருந்த இடத்தில் இருக்க ஆற்றல் மட்டும் பயணஞ் செய்கின்றது என்பதும் அந்த நாடாவினால் எங்கள் மனத்திற் பதிந்தன.

கயிற்றின் துகள்கள் அலை செல்லுந் திசைக்குக் குறுக்கே அசைந்தமையால் அது குறுக்கலை. பின்னர் ஒரு நீண்ட கம்பிச்சுருளை மேசைமேற் கிடத்தி ஒரு முனையைத் தள்ளினார். சுருள்கள் ஓரிடத்து நெருங்க, அந்நெருக்கம் மறு முனைவரை சென்றது. இது நெட்டலை. காற்றில் ஒலி செல்வது இவ்வண்ணமே. மூன்றாவதாக, கண்ணாடிக் கூட்டினுள் ஒரு மின்சார மணியைத் தொங்கவிட்டு, உள்ளிருந்த காற்றைக் குழாயால் இறைத்து வெளியேற்றினார். ஓசை வரவரத் தேய்ந்து, எங்கோ தொலைவில் அடிப்பது போலாகி, கிட்டத்தட்ட அற்றுப்போயிற்று. மணியின் நா மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தகைய சோதனையைச் செய்து காட்டினார் என்பர். எமக்கு அன்று அது புதுமையினும் புதுமையாயிருந்தது. வாயைத் திறந்து கத்துவோன் ஒருவனின் குரல் மட்டும் கேளாதொழிந்தாற்போல இருந்தது.

ஓசை அடங்கியும் மணியின் நா கண்ணுக்குப் புலனாயது எங்ஙனம்? காற்றற்ற அவ்வெளியை ஒளி தடையின்றிக் கடந்து வந்தமையாலன்றோ? கயிறின்றிக் கயிற்றின் அசைவு செல்வது போன்ற இச்செய்தி பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர்க்கு ஒவ்வாததாயிற்று. அண்டமெங்கும் ஈதர் என்னும் கட்புலனாகாத ஊடகம் ஒன்று நிறைந்திருத்தல் வேண்டும் என அவர்கள் கொண்டனர். 1887-இல் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் அதன் அடையாளத்தைத் தேடி மிக நுண்ணிய சோதனை ஒன்று நிகழ்த்தி, ஒன்றுங் காணாதொழிந்தனர். 1905-இல் ஐன்ஸ்டைன், ஈதர் வேண்டுவதின்றியே ஒளியின் நடையை விளக்கினார். மாறுகின்ற மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்க, மாறுகின்ற காந்தப்புலம் மின்புலத்தைப் பிறப்பிக்க, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வீதம் அவை செல்கின்றன. ஒளியும், வானொலி அலையும், எக்ஸ் கதிரும் இக்குடும்பத்தனவே. ஊன்றிச் செல்ல வேறொரு பொருளை வேண்டாத இவ்வலைகளை நினைக்குந்தோறும் எமக்கு இன்றும் வியப்பு நீங்கியபாடில்லை.

அன்று வகுப்பில் எம் விடுதி அறைத்தோழர் எழுந்து, “ஐயா, கடலலை இவற்றுள் எது?” என்றார். அவர் தரங்கம்பாடிக்கு அணித்தான ஒரு மீனவச் சிற்றூரினர். தரங்கம் என்பதே அலையாதலின், பேராசிரியர் அவரைப் பார்த்து முறுவலித்து, “அலையின் பெயரால் வழங்கும் ஊருக்கு அருகிலிருந்து வருகின்றீர், நீரே சொல்லும்” என்றார். நண்பர் சற்றே யோசித்து, “படகில் இருந்தால், அலைமுகடு வரும்பொழுது மேலெழுந்து முன்னே போவோம், அகடு வரும்பொழுது இறங்கிப் பின்னே வருவோம். சுற்றிச்சுற்றி அதே இடந்தான்” என்றார். பேராசிரியர் மகிழ்ந்து, நீர்த்துகள் வட்டமிடுகின்றது என்றும், கடலலை குறுக்கசைவும் நெட்டசைவும் கலந்தது என்றும் பலகையில் வரைந்து காட்டினார். நூலிற் காணுமுன்னரே நண்பர் அதனை உடலால் அறிந்திருந்தார்.

அவ்வாண்டுப் பரீட்சையில் ஒரு வினா வந்தது. அலையின் நீளத்தை நோக்கக் கடலின் ஆழம் மிகச் சிறிதாயிருப்பின், அலையின் வேகம் ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஆழம் 4,000 மீட்டராயின் வேகம் யாது? வினாடிக்கு 198 மீட்டர், அஃதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள நீரை ஆழமற்றதெனக் கருதுமளவுக்கு நீண்ட அலையும் உண்டோ என்று விடுதியில் நண்பரோடு நகைத்ததும் நினைவிருக்கின்றது.

இது நிற்க. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. யாம் சென்னையில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியிற் குடியிருந்தோம். காலை ஆறரை மணி கடந்து சில நிமிஷங்கள் ஆகியிருக்கும். கட்டில் மெல்ல அசைந்தது. விளக்கு ஊசலாடிற்று; குடத்து நீர் விளிம்பில் தளும்பிற்று. யாவரும் தெருவில் இறங்கி நின்றோம். கீழ்த்தளத்தார் சிலர் தாம் ஒன்றும் உணரவில்லை என்றனர். சிறிது நேரத்தில், அஞ்சுதற்கு ஒன்றுமில்லை என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டு படியேறினோம், காபியும் அருந்தினோம்.

எம்மை அசைத்தது யாது என்பதனை இப்பொழுது கூறலாம். 6 மணி 28 நிமிஷத்திற்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடியிற் பாறை பிளந்தது. அப்பிளவு அந்தமான் வரையில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கு நோக்கி ஓடிற்று; ஓடி முடிய எட்டு முதற் பத்து நிமிஷங்கள் ஆயின. பூகம்பத்தின் அளவு 9.1. பாறையினூடே புறப்பட்ட அலைகளுள் நெட்டலை முந்தியது; 2,000 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள சென்னையை அது நான்கு நிமிஷத்தைச் சற்றே கடந்து அடையும். குறுக்கலை அதன்பின் வருவது. திடப்பொருளிலன்றித் திரவத்தில் அது செல்ல மாட்டாது, நீரைக் குறுக்கே முறுக்கினால் அது மீளாதாகலின். இவ்விரண்டிற்கும் பின்னர், நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஊரும் அலைகள் மெல்ல வந்து உயர்ந்த கட்டடங்களை ஊசலாட்டும். எம் விளக்கை ஆட்டியவை இவையே ஆதல் கூடும்.

அடர்ந்த பொருளிலே ஒலி விரையும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அரைகுறை உண்மை. இடம்பெயர்ந்த துகளை எத்துணை வன்மையாகப் பொருள் மீட்டிழுக்கின்றது என்பதே வேகத்தைத் தருவது. அடர்த்தியோ அதனைக் குறைப்பதே. காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டரும், கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டரும் செல்ல, கடும்பாறையில் நெட்டலை 6 கிலோமீட்டருக்கு மேலும் செல்லும் காரணம் அவ்வன்மையின் வேறுபாடே. அன்று கடல்நீரினூடேயும் பூகம்பத்தின் ஓசை சென்றது. இந்துமாக்கடலின் நடுவே தியேகோ கார்சியாத் தீவருகில் நீருக்கடியில் வைத்திருந்த ஒலிவாங்கிகள் அதனைப் பதிவு செய்தன.

ஆகவே பாறை ஒரு செய்தியைக் கொணர்ந்தது. நீரின் ஓசையும் அதே செய்தியைக் கொணர்ந்தது. மூன்றாவது தூது இவற்றினும் மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. கடலடித் தரை சில மீட்டர் உயர்ந்தபொழுது, அதன்மேலிருந்த கடல் முழுவதும், அடிமுதல் மேற்பரப்புவரை, ஒருங்கே தூக்கப்பட்டது. தூக்கப்பட்ட நீர் இருபுறமும் சரிந்து அலையாயிற்று. அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்; அத்துணை நீளத்தின் முன் நான்கு கிலோமீட்டர் ஆழம் ஒரு பொருட்டன்று. பரீட்சைத்தாளில் யாம் கணக்கிட்ட அதே அலை, அதே வேகம்.

பூகம்பம் நிகழ்ந்து இரண்டு மணி நேரமானபின், 1,300 கிலோமீட்டர் உயரத்திற் பறந்த ஜேசன் என்னும் துணைக்கோள் வங்காள விரிகுடாவின்மேற் கடந்தது. அது கீழே அனுப்பிய ரேடார் அலை, கடல்மட்டத்தில் மோதித் திரும்ப ஒரு வினாடியின் நூற்றிலொரு பங்குகூட ஆகவில்லை. நடுக்கடலில் அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் என்று அதனால் அளந்தறிந்தனர். ஆயின் அவ்வளவைப் பகுத்துப் பார்த்தது பல மணி கழித்தே. அறுபது சென்டிமீட்டர்! ஒரு சிறுவனின் இடுப்பளவு. ஆனால் கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைய, வேகமுங் குறைகின்றது. பத்து மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 10 மீட்டரே. முன்னே செல்வது தளர, பின்னே வருவது நெருக்க, நீளத்திற் பரவியிருந்த ஆற்றல் உயரமாக மாறுகின்றது. ஆழம் நானூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் உயரம் நாலரை மடங்காகும் என்பது கணக்கு. கரையின் வடிவும் முகத்துவாரங்களும் அதனைப் பின்னும் பெருக்கும்.

எட்டு மணிக்கு மேல், சுமத்ரா தீவருகே பெரும் பூகம்பம் என்று தொலைக்காட்சியிற் கேட்டோம். தீவருகே என்றால் கடலன்றோ? கடலெனின் நீர் அசைந்திராதோ? இவ்வினாக்கள் எழுந்திருத்தல் வேண்டும், எழவில்லை. மேசைமேல் தொலைபேசி இருந்தது. அதனருகே குறிப்புப் புத்தகத்தில் நண்பர் வீட்டு எண் இருந்தது. அவர் வெளியூரில் ஒரு பள்ளியில் ஆசிரியராயிருந்து, விடுமுறைக்கு வீடு வந்திருந்தார். வந்ததை முன்னாள் மாலை எம்மோடு பேசித் தெரிவித்துமிருந்தார். கம்பி வழியே மின்குறி சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்ல இமைப்பொழுதும் வேண்டா. அலைக்கோ இன்னும் அரைமணிக்கு மேல் வழி இருந்தது.

ஒன்பது மணியளவில் கடல் ஏறிற்று.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். நண்பரின் அன்னையார், படகுகள் திரும்பும் வேளையாதலின், மீன் கொள்ளும் பெண்டிரோடு கூடையுடன் கரையில் நின்றிருந்தார். அவரை மறுநாள் மாலையிலேயே கண்டெடுத்தனர். நண்பர் ஒரு வீட்டின் கூரையைப் பற்றி உயிர் பிழைத்தார்.

நான்காம் நாள் யாம் அங்குச் சென்றோம். நண்பரின் தந்தையார் ஒரு மண்டபத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தார். அன்று காலை அவர் கடலில் இருந்தவர். “தம்பி, கடல் நன்றாகத்தான் இருந்தது. அது எங்கள் அடியால்தான் போயிருக்கிறது. தொட்டிலை ஆட்டுகிற அளவுகூட ஆட்டவில்லை. திரும்பி வந்தால் ஊரைக் காணோம்” என்றார். பல நிமிஷ காலத்தில் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும் நீரைப் படகிலிருப்போர் உணர்தல் அரிது என்பதும், நாடா எழுந்து தணிந்தாற்போலவே அவர் படகும் எழுந்து தணிந்தது என்பதும் எமக்குத் தெரியும். அவரிடம் அவற்றைச் சொல்ல நா எழவில்லை.

அறிந்திருக்க இயலாது என்று எம்மைத் தேற்றுவோர் பலர். அவர் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஓரிடத்து அசைவை மட்டுங் கொண்டு பூகம்பம் எங்கே நிகழ்ந்தது என்று கூற இயலாது. ஹவாயித் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்தே நிமிஷத்தில் அறிக்கை விடுத்ததாயினும், முதலில் அளவை 8 என்றே மதித்தது. இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அந்நாளில் இல்லை. ஆயினும் 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபாரில் நிகழ்ந்த பூகம்பத்தின் அலையைச் சென்னை, நாகப்பட்டினத் துறைகளின் கடல்மட்டமானிகள் வரைந்து வைத்திருந்தன. கடல்கோள் என்னும் சொல் தமிழில் பழமையானது. எல்லாம் எங்கோ எழுதப்பட்டே இருந்தது, எம் பரீட்சைத்தாளைப் போல.

இயலாது என்பார்க்கு மறுமொழியாக, புதுச்சேரியைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊர் எம் நினைவில் நிற்கின்றது. அவ்வூரார் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். அன்று காலைச் செய்தியைக் கேட்டதும் தம் வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டது என்று வீட்டார் சொல்ல, உடனே எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. மையம் பூட்டியிருந்தமையால் கதவை உடைத்து, அதன் வாயிலாக அறிவித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிரிழந்தோர் இல்லை. மின்காந்த அலை கடல் கடந்து கொணர்ந்த செய்தியைக் கடைசி நூறு கஜ தூரம் மக்கள் செவிக்குக் கொண்டு சேர்த்தது காற்றின் நெட்டலையே. விரைவிற் கடையாயதே ஆயினும் ஓடுகின்ற மக்களுக்கு அது போதுமானதாயிருந்தது. இவ்வூர்ச் செய்தியை யாம் படித்த நாளில் இரவெல்லாம் உறங்கினோமில்லை.

2007-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நம் நாட்டு ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் வேலைமுறையை அறிந்தபோது எமக்குப் பழைய பரிசோதனைச்சாலை மீண்டும் கண்முன் வந்தது. ஆழ்கடலின் தரையில் ஒரு கருவி கிடந்து, தன்மேலுள்ள நீரின் அழுத்தத்தை ஓயாது அளக்கின்றது. கடந்து செல்லும் அலை சில சென்டிமீட்டரே ஆயினும் அதனை உணர்ந்துவிடும். உணர்ந்ததை மேலே அனுப்ப வானொலி அலை உதவாது. உவர்நீர் மின்சாரத்தைக் கடத்துவதாதலின் அவ்வலையை விரைவில் விழுங்கிவிடும். ஆதலின் கருவி, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியால் சொல்லுகின்றது. மிதவை அதனைக் கேட்டு, வானொலி அலையால் துணைக்கோளுக்குச் சொல்ல, வெற்றிடத்தைக் கடந்து சென்ற அச்செய்தி கரைக்குத் திரும்புகின்றது. நீரில் ஒலியும் வெளியில் ஒளியின் இனமும் என, இயலுமிடத்தில் இயலும் அலையை ஏவியிருக்கின்றனர்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், பிற்பகல் இரண்டு மணி கடந்து சிறிது நேரத்தில், அலுவலகத்தில் எம் நாற்காலி அசைந்தது. எல்லாரும் படியை நோக்கி விரைய, யாம் நடந்துகொண்டே நண்பரின் எண்ணை அழுத்தினோம். இணைப்புக் கிடைக்கவில்லை. தெருவில் நின்று ஒன்பது முறை முயன்றோம். பத்தாம் முறை அவர் குரல் கேட்டது. “அறிவிப்பு வந்துவிட்டது. ஊரே மேட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவும் இருக்கிறார்” என்றார்.

அன்றைய பூகம்பத்தின் அளவு 8.6, ஆயினும் பாறைகள் பக்கவாட்டில் வழுக்கினவேயன்றி கடலடித் தரை மிகுதியாய் உயரவில்லை. ஆகவே அலை மிகச் சிறிதாய் அடங்கிற்று. அதனை அறியக் காலம் சென்றது. மேட்டில் நின்றோர்க்கு அது தெரியாது, எமக்குந் தெரியாது.

தந்தையார் தொலைபேசியை வாங்கி, “தம்பி, எத்தனை மணிக்கு வரும்?” என்றார். முழு மதிப்பெண் பெற்ற அக்கணக்கை யாம் தெருவோரத்தில் நின்று மறுபடி போட்டோம். வருவதாயின் நாலரை மணியளவில், ஐயா, என்றோம். நாலரை மணி கடந்தது, இருட்டும் வந்தது. எச்சரிக்கையை மீட்டுக்கொண்டதாக அறிவித்த பின்னரும் அவர் கடலைப் பார்த்தவாறே மேட்டிலேயே அமர்ந்திருந்தார் என்றும், எட்டு மணிக்கு மேலே கைப்பிடித்து இறக்கி அழைத்துச் சென்றோம் என்றும் நண்பர் மறுநாள் எமக்கு எழுதியிருந்தார்.